சூரியனுக்கு மானியம், சேகருக்கு ஏசி

வருமான வரிச் சட்டத்தோடு ரொம்ப நாள் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஏதோ ஒரு பிரிவின் கீழ் கழிவு இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைத்துவிடும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருஷமாக வேலை பார்க்கும் எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது. இல்லாவிட்டால், மஸ்கட்டில் இருக்கும் கணவரை அரசாங்க மானியத்தைக் காட்டி மந்தைவெளிக்கு வரவழைத்துவிடலாம் என்று எந்தப் பெண்ணாவது நினைப்பாளா?

நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டேன்.

சேகர் மஸ்கட்டுக்குப் போனது எங்கள் மகள் நித்யா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம். ஒரு பெரிய கிடங்கில் கணக்கு மேலாளர் வேலை. “வீட்டுக் கடன் முடிஞ்சதும் வந்துடறேன் மாலு” என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். வீட்டுக் கடன் முடிந்தது. நித்யா பிளஸ் டூவும் வந்துவிட்டாள். அவர் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, மாம்பழ சீசனில் வந்து, சீசன் முடிவதற்குள் போய்விடுவார். மிச்ச நாளெல்லாம் போன்தான். போனில் கொஞ்சலாம், அழலாம், சமையல் குறிப்புக்கூடக் கேட்கலாம். உருப்படியாக ஒரு சண்டை போட முடியாது. சூடு பிடிக்கும்போது சிக்னல் போய்விடும். மறுபடி கூப்பிடுவதற்குள் இரண்டு பேருக்கும் சண்டை எதற்கென்று மறந்திருக்கும். (எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வராத சண்டைகள் நிறைய நிலுவையில் இருக்கின்றன.)

இரண்டு கோடைக்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு நாள், போனில் கேட்டேன்: “இந்தத் தடவை வந்தா ஒரேயடியா வந்துடுங்களேன்.”

“அந்த வெயில்ல எப்படி மாலு? இங்க எப்பவும் ஏசிலயே இருந்து பழகிடுச்சு. அங்க ஏசி இல்லாம தூக்கம் வராது. ஏசி போட்டா கரண்ட் பில்லைப் பார்த்துட்டு தூக்கம் வராது” என்று சொல்லிச் சிரித்தார்.

அது தமாஷ். கேட்கிற யாருக்கும் அது தமாஷ் என்று புரியும். எனக்கு மட்டும் அது ஒரு நிபந்தனை மாதிரிக் காதில் விழுந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் கிடப்பது கடல் இல்லை, மின்கட்டணம்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அடுத்து மார்ச் வந்தது. மார்ச் மாதத்தில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் திடீரென்று சூரியன்மேல் பக்தி வந்துவிடும். கடை, கம்பெனி வைத்திருப்பவர்கள் மாடியில் சூரிய மின்தகடு போட்டால், அதன் விலையில் பெரும் பங்கைத் தேய்மானம் என்று சொல்லி லாபத்திலிருந்து வேகமாகக் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும். அந்த வருஷம் ஒரு ஜவுளிக்கடை முதலாளி என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, சூரியனை முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள மாட்டிட்டா இந்த வருஷக் கணக்குல வந்துடுமில்ல?”

“மாட்டினா மட்டும் போதாது சார். அதுக்குள்ள ஓடவும் ஆரம்பிக்கணும்.”

“ஓட வச்சுடலாம்மா. அதெல்லாம் நம்ம சொன்னா கேக்கும்” என்றார், சூரியனும் அவர் கடைச் சிப்பந்தி என்பதுபோல.

அவர் போனபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வியாபாரிகளுக்கு இவ்வளவு செய்கிற சட்டம் வீட்டுக்காரர்களுக்கு எதுவும் செய்யாதா? தேடினேன். என்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வருமான வரியில் அப்படி எதுவும் இல்லை. (நாங்கள் தேய்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.) ஆனால் வீட்டு மாடியில் தகடு போட்டால் அரசாங்க மானியம் உண்டு, நேரே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். எனக்குக் கை கால் பரபரத்தது. அந்த மானியத்தைப் பற்றி அரசாங்கம் வெளியிட்ட ஒரு வரியைக்கூட விடாமல் படித்தேன். தகடு போடும் கம்பெனியின் இன்ஜினியரை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். எந்தக் கணக்கில் வரும், யார் பெயரில் வரும், வந்த மானியத்துக்கு வரி உண்டா என்று. கரண்ட் எப்படி வரும் என்று மட்டும் கேட்கவில்லை. கரண்ட் எப்படியோ வரும், மானியம்தான் முக்கியம்.

ஏப்ரலில் தகடுகள் மாடி ஏறின. துணி உலர்த்தக் கீழே இடம் வேண்டும் என்று நான் கேட்டதால், பந்தல் மாதிரி உயரமாகக் கம்பி நட்டு அதன்மேல் மாட்டினார்கள். வாசலில் புது மீட்டர் வந்தது. நாம் எடுக்கும் கரண்டையும் காட்டும், தெருவுக்குத் திருப்பிக் கொடுக்கும் கரண்டையும் காட்டும். காலையில் அலுவலகம் போகுமுன் அந்த மீட்டர் எதிரில் நிற்பது எனக்குச் சந்நிதியில் நிற்பது மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஜானகி மாமி பார்த்துவிட்டு, “என்னடி, தெனம் அதுகிட்ட என்ன வேண்டிண்டு நிக்கறே?” என்று கேட்டாள்.

என்ன வேண்டிக்கொண்டேன் என்று மாமியிடம் எப்படிச் சொல்வது?

அந்தத் தைரியத்தில் கூடத்துக்கு ஒரு பெரிய ஏசி வாங்கினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. கூடத்து மூலையில் எங்கள் பழைய இன்வெர்ட்டர், பேட்டரியோடு உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனால் இரண்டு ஃபேனையும் நாலு விளக்கையும் ஓட்டும். அந்த மூலையில் சேகர் காலை நீட்டி உட்கார ஒரு சாய்வு சோபா போட வேண்டும் என்று எனக்கு ஆசை. மாடியில் சூரியனையே வைத்திருக்கிறவளுக்கு மூலையில் பேட்டரி எதற்கு?

எங்கள் தெருவில் பழைய சாமான் எடுக்கும் ஏழுமலையைக் கூப்பிட்டேன். பட்டினப்பாக்கத்துக்காரர்.

“இன்னாக்கா, பேட்டரி நல்லாத்தான கீது? இன்னாத்துக்குப் போடுற?”

“இனிமே எங்க வீட்ல கரண்ட்டே போகாது ஏழுமலை. பகல்ல சூரியன் இருக்கிற வரைக்கும் எங்களுக்குக் கரண்ட் இருக்கும்.”

“அப்டியா. குட்துவச்சவங்கக்கா நீங்க” என்று கூட ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு அதை வண்டியில் ஏற்றிப் போனார். நானும் குளிர்ந்துபோய்த் தெரு முழுக்க இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மே மாதம் சேகர் வந்தார். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், நான் யூனிட் கணக்குச் சொல்லுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உட்காரக்கூட விடாமல் மீட்டரைக் காட்டினேன். ஏசியைக் காட்டினேன். மாடிக்குக் கூட்டிப்போய்த் தகடுகளைக் காட்டினேன். “பிரமாதம் மாலு” என்றார். அவர் முகத்தில் வேறு ஏதோ இருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. தெருக்காரர்கள், அசோக் நகரிலிருந்து சேகரின் அக்கா மேகலா அண்ணி, அவர் குடும்பம். மாடியிலிருந்து கரண்டை இறக்கும் சோலார் பெட்டிக்கு ஆயுத பூஜை மாதிரி குங்குமம் வைத்துப் பூ சாத்தினேன். கூடத்தில் ஏசி ஓடியது. வெளியே அக்னி நட்சத்திர வெயில். உள்ளே அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்தக் காட்சிக்காகவே நான் பிறந்ததாகத் தோன்றியது. வடைக்கும் பாயசத்துக்கும் நடுவில் எழுந்து நின்று, வீடுகளுக்கான மானியம், கடைகளுக்கான தேய்மானக் கழிவு என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். (சின்னது என்பது என் கருத்து. நித்யாவைக் கேட்டால் வேறு சொல்வாள்.)

“இதுல பெரிய விஷயம் என்னன்னா,” என்றேன், “இனிமே தெருவுல கரண்ட் போனாலும் எங்க வீட்ல...”

ஏசி நின்றது. ஃபேன் நாலு சுற்றுச் சுற்றி அதுவும் நின்றது. தெருமுனையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் பூமிக்கடியில் அந்த வட்டாரத்துக்கே போகும் கேபிளை வெட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தின் நிசப்தம்தான்.

“ஒண்ணுமில்ல. இப்ப சோலார் எடுத்துக்கும்” என்றேன்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

“ஏண்டி மாலதி, உங்காத்துல கரண்ட் போகாதுன்னியே?” என்றாள் ஜானகி மாமி.

“போகாது மாமி. ரெண்டு நிமிஷம்.”

“சூரியன் வெளியில நன்னாத்தானே இருக்கு? இப்பத்தான் பாத்துண்டு வந்தேன்.”

நான் சமையலறைக்குள் ஓடி இன்ஜினியருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மென்றுகொண்டே பேசினார். “மேடம், நீங்க போட்டிருக்கறது ஆன்-கிரிட். தெருவுல லைன் இருந்தாதான் ஓடும். லைன் போச்சுன்னா தானா நின்னுடும். இல்லேன்னா உங்க கரண்ட் தெருவுக்குப் போயி, அங்க ரிப்பேர் பண்றவருக்கு ஷாக் அடிச்சிடும்ல?”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க மானியம் மட்டுந்தான் கேட்டீங்க மேடம்.” பிறகு ஆறுதலாக, “கரண்ட் போனா பரவால்ல, வீட்ல பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கும்ல, அது பாத்துக்கும்” என்றார்.

கூடத்துக்குத் திரும்பினேன். ஏசிக்காக எல்லா ஜன்னலையும் அடைத்திருந்ததால் உள்ளே இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருந்தது. மேகலா அண்ணி போர்த்தியிருந்த தலைப்பை எடுத்து விசிறிக்கொண்டே, “பரவால்ல மாலதி, மானியமாவது வந்துச்சே” என்றார். சேகரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புதுச் சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். இனி இவர் வரவே மாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதன்பிறகு மூளை வேலை செய்யவில்லை. “தயிர் வாங்கிட்டு வந்துடறேன்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்குப் பறந்தேன். இன்வெர்ட்டரைத் திருப்பி வாங்கி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்துவிடுவதாகத் திட்டம். (அந்தப் பேட்டரியைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

வழியெல்லாம் கரண்ட் இல்லை. கடைக்காரர்கள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்கிற பெண்களிடம் விசாரித்து, குடியிருப்பில் ஏழுமலை வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அந்த வரிசையில் அந்த ஒரு வீட்டில்தான் ஃபேன் சுற்றியது. என் ஃபேன் இல்லை; ஆனால் என் பேட்டரி. கட்டிலுக்குப் பக்கத்தில் பூ வைத்து உட்காரவைத்திருந்தார்கள்.

தரையில் பாய் விரித்து ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தார். மார்பின்மேல் கைக்குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கியது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் குழந்தை கொஞ்சம் உயர்ந்து தாழ்ந்தது. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. இருக்கிற ஆளை எதற்குத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்?

“யாருக்கா? அவர எழுப்பவா?” என்று கேட்டாள்.

“வேணாம், வேணாம்.” என் கண் பேட்டரிமேல் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“மந்தவெளி அக்காவா? இன்வெட்டர் குட்தீங்களே. இன்னாக்கா இப்டி வேர்த்துக்கினு நிக்கிற, உள்ள வந்து குந்து.”

உட்கார்ந்தேன். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் எனக்கு அழுகை வந்தது. கரண்ட் போனதற்காக அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இவ்வளவு நாளாக ஆசைப்பட்டது ஏசியும் இல்லை, சோலாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேகர் இப்படிச் சட்டையில்லாமல் தரையில் கிடந்து தூங்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல், வேறு எதையோ செய்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு மத்தியானம் கடைசியாக எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நித்யா குழந்தையாக இருந்தபோது இருந்திருக்க வேண்டும். அப்போது நான் கவனிக்கவில்லை.

“இன்னா விசயமா வந்தக்கா?”

“இந்தப் பக்கம் வந்தேன். நல்லா ஓடுதான்னு பாக்கலாம்னு” என்றேன்.

“சூப்பரா ஓடுதுக்கா. புள்ள இப்பத்தான் நல்லா தூங்குது.”

தயிர்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து, வாசற்படியிலேயே உட்காரப் போனேன். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏறிப் போனால், தகடுகளுக்குக் கீழே இருந்த நிழலில் பாய் விரித்து மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தது. கடற்காற்று வர ஆரம்பித்திருந்தது. கொடியில் காய்ந்த என் புடவைகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, சேகர் வேட்டியை மடித்துக்கொண்டு எல்லோருக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நன்னா நிழலா இருக்குடி. இதுக்கு எத்தனை மானியம் கொடுத்தாலும் தகும்” என்றாள் ஜானகி மாமி. அவள் நிஜமாகத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி ஆள் படியிறங்கியதும் கரண்ட் வந்தது. கீழே காலிக் கூடத்தில் ஏசி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. நாங்கள் இறங்கவில்லை.

“தயிர் எங்க?” என்றார் சேகர்.

பட்டினப்பாக்கம் போன கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“ஏசி இல்லாததாலதான் நான் வரலேன்னு நினைச்சியா மாலு?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“வேற என்னன்னு சொல்றது.” பாயசச் சொம்பைக் கீழே வைத்தார். “இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். நீ மீட்டரைக் காட்டிக்கிட்டு இருந்த.”

“மூணு வருஷமா?” என்றேன்.

“நித்யா காலேஜ் முடிக்கணும். இந்த வயசுல இங்க யாரு வேலை தருவா? அதுகூடப் பரவால்ல. வந்தா விருந்தாளி மாதிரி இருக்கு மாலு. நேத்து ராத்திரி நம்ம ரூம்ல எந்த சுவிட்ச் எந்த ஃபேனுக்குன்னு எனக்குத் தெரியலை. நீ தூங்கிட்டிருந்த. எழுப்பிக் கேக்கக் கூச்சமா இருந்தது. அப்படியே படுத்துக்கிட்டேன்.”

அன்றைக்குத்தான் நாங்கள் நேருக்கு நேர், சிக்னல் போகாமல், ஒரு முழுச் சண்டை போட்டோம். நிலுவையில் இருந்ததெல்லாம் வந்தது. நித்யா பாதியில் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஓசைப்படாமல் இறங்கிப் போய்விட்டாள். முடிவில் யார் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் அழுதோம், பிறகு மிச்சப் பாயசத்தைக் குடித்தோம். மீதி விடுமுறை முழுக்க நான் அவருக்கு சுவிட்சுகளைச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகவே போட்டார். போகிற நாள் காலையில்தான் கூடத்து ஃபேனைச் சரியாகப் போட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கரண்ட் பில் இப்போது அநேகமாக வருவதே இல்லை. மானியமும் சொன்னபடி வந்து சேர்ந்தது. மார்ச் மாதம் சூரியனைத் தேடி வருகிற முதலாளிகளிடம், வரிச்சலுகையைச் சொல்வதற்கு முன், “பேட்டரி உண்டா சார்?” என்று கேட்கிறேன். எங்கள் ஆடிட்டருக்கு அது ஏன் என்று புரியவில்லை.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ‘சோலார்’ என்றால் இப்போது தகடு இல்லை. வேண்டிய நேரத்தில் வராத எதற்கும் அதுதான் பெயர். மேகலா அண்ணியின் மாப்பிள்ளை தீபாவளிக்கு வருவதாகச் சொன்னால் அது சோலார். பட்டுப்புடவைக்குப் பிளவுஸ் தைத்துத் தரும் டெய்லர் சோலார். ஜானகி மாமிகூட, “வேலைக்காரி நாளைக்கு வரேங்கறா, சோலார்தான்” என்கிறாள்.

போன வாரம் ஸ்பீக்கர் போட்ட போனில் சேகர், “அடுத்த வருஷம் கண்டிப்பா ஒரேயடியா வந்துடறேன்” என்றார். லீவுக்கு வந்திருந்த நித்யா சமையலறையிலிருந்தே, “அப்பா, இது சோலாரா, நிஜமா?” என்று கேட்டாள்.

“நிஜம்தான்டி” என்றார். அவர் சிரித்தார், நித்யா சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு போனை யார் முதலில் வைப்பது என்று தெரியாமல், நானும் அவரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம்.